திம்பம் ஏறிய அம்பாசடர்

எங்கள் வீட்டு அம்பாசடருக்கு 2024-ல் 50 வயது முடிந்தது. அந்த வண்டியை வைத்து அண்ணனுக்கும் எனக்கும் சண்டை வந்ததும் அதே வருடம்தான்.

அம்பாசடர் என்றதும் பின்னால் டிக்கி வைத்த காரே எல்லோருக்கும் ஞாபகம் வரும். எங்களுடையது ஸ்டேஷன் வேகன். கூரை பின்பக்கம் வரைக்கும் நீண்டு, வேன் மாதிரி பின்கதவு வைத்தது. கம்பெனி இதற்கு 'எஸ்டேட்' என்று பெயர் வைத்திருந்தது. எங்கள் வீட்டில் 'வேகன்' என்றுதான் சொல்வோம். சாலையில் இன்றைக்கு இன்னொன்றைப் பார்ப்பது அபூர்வம்.

பவானியில் எங்களுக்கு ஜமுக்காள வியாபாரம். 1974 மாடலான அந்த வண்டியை அப்பா 1982-ல் பழையதாகத்தான் வாங்கினார். பின்சீட்டை மடக்கினால் ஜமுக்காளக் கட்டுகள் கூரை வரைக்கும் ஏறும். கோயம்புத்தூருக்கும், திம்பம் மலை வழியாக மைசூருக்கும் சரக்கு போகும். ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் ஒரு ஜமுக்காளத்தை விரித்து, நாங்கள் ஐந்தாறு பிள்ளைகள் படுத்துக்கொண்டே பண்ணாரி கோயிலுக்குப் போவோம்.

அப்பா இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. வண்டியை விற்காமல் வைத்திருந்ததற்கு அம்மாதான் காரணம். அம்மாவுக்கு 79 வயது. இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. என் மகனின் சின்னக் காரில் ஏறவேண்டுமானால் தலையைக் குனிய வேண்டும், காலை மடக்க வேண்டும். வாடகைக்கு வரும் பெரிய வண்டியில் படி உயரம், காலைத் தூக்கி வைக்க முடியாது. அம்பாசடரில் அந்தத் தொல்லை இல்லை. சீட் நாற்காலி உயரத்தில் இருக்கும். உட்கார்ந்துவிட்டு உடம்பைத் திருப்பினால் போதும். சக்கர நாற்காலியை மடக்காமல்கூடப் பின்னால் ஏற்றிவிடலாம்.

அம்மாவின் அக்கா தாளவாடியில் இருக்கிறார். அம்மாவைவிட நான்கு வயது மூத்தவர், அவரால் பஸ் ஏறி வர முடியாது. சத்தியமங்கலம் தாண்டி, பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால்தான் பெரியம்மா வீடு. எங்கள் வண்டியால் அந்த மலை ஏற முடியவில்லை.

2023 தை மாதம் கிளம்பிப் போனோம். பதினோராவது வளைவில் ரேடியேட்டர் கொதித்து ஆவி பறந்தது. ஓரம் கட்டி, தண்ணீர் ஊற்றி, ஆற வைத்தோம். அடுத்த இரண்டு வளைவுக்குள் மறுபடியும் கொதித்தது. அது புலிகள் காப்பகக் காட்டுவழி. இரவில் போக்குவரத்துக்குத் தடை உண்டு. அம்மாவை வைத்துக்கொண்டு அங்கே மாட்டிக்கொள்ளக் கூடாது என்று மெதுவாகக் கீழே இறங்கிவிட்டோம். மேலே பெரியம்மா சமைத்து வைத்துக்கொண்டு ராத்திரி வரைக்கும் காத்திருந்தாராம். வரும் வழியெல்லாம் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

மெக்கானிக் தம்பி எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, இது மூணு தடவ போர் பண்ணுன பிளாக்குங்க. 60 சைஸ் பிஸ்டன் கெடக்குது. இதுக்கு மேல செவுத்தச் சொரண்ட முடியாதுங்க."

பிஸ்டன் ஓடி ஓடி சிலிண்டரின் உள்சுவர் தேயும். அதைக் கடைந்து சமப்படுத்தி, கொஞ்சம் பெரிய பிஸ்டன் போடுவதுதான் போரிங். அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, 40 பங்கு, 60 பங்கு என்று போய்க்கொண்டே இருக்கும். அதற்கும் மேலே வேண்டுமென்றால் உள்ளே ஸ்லீவ் இறக்க வேண்டும். செய்யலாம். ஆனால் 1489 சி.சி. எஞ்சின், புதிதாக இருந்தபோதே சுமார் 50 குதிரைசக்திதான். ஆள், சக்கர நாற்காலி, சாமான் என்று ஏற்றிக்கொண்டு மலை ஏறும் வேலைக்கு அது திணறும்.

இன்னொரு வழியையும் அந்தத் தம்பியே சொன்னார். 1990-களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியே இதே அம்பாசடர் உடம்பில் இசுசு 1800 சி.சி. எஞ்சினை வைத்து விற்றது. சுமார் 75 குதிரைசக்தி, ஐந்து கியர். உடைப்புக்குப் போன ஒரு வண்டியிலிருந்து அந்த எஞ்சினும் கியர் பாக்ஸும் கோயம்புத்தூரில் கிடைக்கும் என்றார்.

நான் சரி என்றேன். அண்ணன் கூடாது என்றார்.

அண்ணன் பக்கமும் நியாயம் இருந்தது. 2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, எஞ்சின், பாடி எல்லாம் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். "வேகன் அம்பாசடர் எத்தன பேருகிட்ட இருக்கும்? எஞ்சின மாத்துனா அந்தத் தகுதியே போயிரும். அப்பா ஓட்டுன எஞ்சின் அம்மிணி அது" என்றார் அண்ணன்.

அதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது. விண்டேஜ் நம்பர் வாங்கிய வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இப்படிச் சில காரியங்களுக்கு மட்டும்தான் சாலையில் இறக்கலாம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏங் கண்ணு, அந்த நம்பரப் போட்டா எங்கக்கா ஊட்டுக்குப் போலாமா?"

அண்ணன் பதில் சொல்லவில்லை. அதற்காகச் சம்மதித்துவிடவும் இல்லை. இரண்டு மாதம் பேச்சுவார்த்தையே குறைந்துபோனது.

அவரை அசைத்தது அப்பாவின் கணக்கு நோட்டு. ஜமுக்காள வரவு செலவுக்கு நடுவே வண்டிச் செலவையும் அப்பா எழுதி வைத்திருந்தார். 1986-ல் போரிங், 1993-ல் போரிங், 2001-ல் போரிங். நடுவில் கார்புரேட்டர் மாற்றியது, வேறு வண்டியின் கியர் பாக்ஸை வாங்கிப் போட்டது, டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்தது. வியாபாரம் நிற்கக் கூடாது என்றால் எதை மாற்ற வேண்டுமோ அதை அப்பா யோசிக்காமல் மாற்றியிருக்கிறார். நோட்டை அண்ணன் ஒரு வாரம் வைத்திருந்தார். திருப்பித் தரும்போது, "பழைய எஞ்சின விக்கக் கூடாது, பாடிய எங்கயும் வெட்டக் கூடாது" என்று இரண்டு நிபந்தனை போட்டார்.

எஞ்சின் மாற்றுவது என்பது நினைத்தவுடன் செய்கிற வேலை இல்லை. ஆர்.சி.யில் சேஸிஸ் நம்பரோடு எஞ்சின் நம்பரும் இருக்கிறது. ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் வேறு எஞ்சின் வைத்தால் சட்டப்படி தப்பு. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸிலும் வில்லங்கம் வரும். எஞ்சின் வாங்கிய ரசீது, அது இருந்த வண்டியின் பதிவு ரத்தான ஆதாரம், இதே கம்பெனி இதே மாடலில் வைத்த எஞ்சின்தான் என்ற விவரம் எல்லாவற்றையும் இணைத்து மனு கொடுத்தோம். அனுமதி வந்த பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும் என்பதில் மெக்கானிக் தம்பி கறாராக இருந்தார்.

வேலையும் எஞ்சினோடு நிற்கவில்லை. "வேகம் கூடுதுங்க, மொதல்ல நிக்கணும்" என்று அவர் ஆரம்பித்ததே பிரேக்கில்தான். முன்சக்கர டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் வைத்தார். பெரிய ரேடியேட்டர், புது வயரிங், லேத்தில் செய்த மவுண்டிங், நீளம் திருத்திய புரொபெல்லர் ஷாஃப்ட். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் குழாய்கள் தாங்காது என்று அவற்றையும் மாற்றினார். எல்லாம் சேர்த்து இரண்டே முக்கால் லட்சம் ஆனது. அந்தப் பணத்துக்கு எத்தனையோ தடவை வாடகைக் கார் பிடித்திருக்கலாம்தான்.

அண்ணனின் இரண்டாவது நிபந்தனை ஓரிடத்தில் மட்டும் நடக்கவில்லை. பழைய வண்டி ஸ்டியரிங் பக்கத்தில் ஹேண்ட் கியர். புதியதற்குக் கியர் கம்பி தரையிலிருந்து மேலே வர வேண்டும். தகட்டில் ஓட்டை போடும்போது அண்ணன் பக்கத்திலேயே நின்றிருந்தார். வெட்டி விழுந்த துண்டுத் தகட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இழந்ததும் உண்டு. முன்சீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே ஒரு பிள்ளை உட்காரும் இடம் இருந்தது. இப்போது அங்கே கியர் கம்பி நிற்கிறது. தெருமுனையில் வண்டி திரும்பும்போதே வீட்டுக்குள் கேட்கும் அந்தப் பழைய சத்தமும் போய்விட்டது. வாசலில் வந்து ஹாரன் அடித்தால்தான் அம்மாவுக்குத் தெரிகிறது.

சித்திரை மாதம் ஒரு காலையில் பவானியிலிருந்து கிளம்பினோம். அண்ணன்தான் ஓட்டினார். பண்ணாரியில் கும்பிட்டுவிட்டு மலை ஏற ஆரம்பித்ததும் யாரும் பேசவில்லை. எல்லோர் கண்ணும் சூடு காட்டும் முள்ளின் மேலேயே இருந்தது. அது பாதியைத் தாண்டவில்லை. பதினோராவது வளைவில் அம்மா, "இங்கதான நின்னுது?" என்றார். அண்ணன் "ஆமாங்" என்று மட்டும் சொல்லி, இரண்டாவது கியருக்கு மாற்றி ஏற்றினார். 27 வளைவையும் ஒரே மூச்சில் ஏறிவிட்டோம்.

அன்று சாயங்காலம் திரும்பும்போது வண்டியில் பெரியம்மாவும் இருந்தார். பின்சீட்டில் அக்காவும் தங்கையும், அவர்களுக்குப் பின்னால் சக்கர நாற்காலியும் இரண்டு மூட்டை உருளைக்கிழங்கும். பவானியில் எங்கள் வீட்டில் 22 நாள் தங்கினார் பெரியம்மா.

பழைய எஞ்சின் இப்போது எங்கள் தறிக்கூடத்தில், ஆங்கிள் ஸ்டாண்டின் மேல் இருக்கிறது. மாதம் ஒருமுறை அண்ணன் வந்து ஆயில் விட்டுக் கையால் சுற்றிவிட்டுப் போகிறார். வேகனின் ஆர்.சி. 2029 வரைக்கும் செல்லும். அடுத்த எஃப்.சி.க்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று அப்பாவின் நோட்டிலேயே, அப்பா எழுதிய கடைசி வரிக்குக் கீழே, அண்ணன் எழுத ஆரம்பித்திருக்கிறார்.