அம்மா அழவில்லை



சென்ற ஆண்டு லெந்து நாட்களில் ஆராதனை முடிந்து வெளியே வந்தால், யாராவது ஒருவர் எங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் அக்கா அழுறீங்க? வீட்டில் ஏதாவது கஷ்டமா?" என்று விசாரிப்பார்கள். அம்மா அழவில்லை. வேதபாடம் வாசிக்கும்போது கண்ணில் நீர் தானாக வடிந்தது, எழுத்து கலங்கியது. இரண்டு ஞாயிறு வரி தவறியது. மூன்றாம் ஞாயிறு, "இனி வேறு யாராவது வாசிக்கட்டும் ஐயா" என்று போதகரிடம் சொல்லிவிட்டார்கள்.

அதைவிட எங்களுக்கு வருத்தம், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பையும் விடப்போவதாகச் சொன்னதுதான். இங்கே பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் இல்லை. ஆலயத்தில் கற்றால்தான் உண்டு.

அக்காவும் தம்பியுமாக நாங்கள் முதலில் செய்தது தவறு. மருந்துக்கடையில் சிவப்பு போக்கும் சொட்டு மருந்து வாங்கி, மாதக்கணக்கில் விட்டோம். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் கண்ணை வெள்ளையாகக் காட்டும், நோயை ஆற்றாது. விட்ட சிவப்பு கூடுதலாகத் திரும்பி வந்தது. பிறகுதான் கண் மருத்துவரிடம் போனோம். இமைக்குள் சிறு காகிதத் துண்டை மடித்து வைத்து, ஐந்து நிமிடம் கழித்து எவ்வளவு நனைந்தது என்று பார்த்தார். இமை ஓரங்களையும் சோதித்தார். "கண் வறட்சி" என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நீர் கொட்டுகிற கண்ணுக்கு வறட்சியா?

அவர் பொறுமையாக விளக்கினார். கண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல. அடியில் வழவழப்பான சளி, அதன்மேல் நீர், எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். இமை ஓரத்துச் சிறு சுரப்பிகள் அந்த எண்ணெயைத் தருகின்றன. அவை அடைத்துக்கொண்டால் நீர் சீக்கிரம் ஆவியாகும். கண் எரியும், எரிச்சல் தாங்காமல் கண் தண்ணீரைக் கொட்டும். எண்ணெய் இல்லாததால் அந்தத் தண்ணீரும் நிற்காமல் கன்னத்தில் வழிந்துவிடும்.

அடுத்து அவர் கேட்டவை எங்களுக்கு வியப்பாக இருந்தன. மின்விசிறி எந்தப் பக்கம்? அடுப்பு எது? இரவில் என்ன மாத்திரை? போட்டாதாங்கில் கரண்ட் இல்லாத இரவுகளில், சார்ஜ் போட்ட சின்ன விசிறியை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு தூங்குவது நம் வீடுகளில் வழக்கம். கீழே நடைபாதையில் ஜெனரேட்டர் புகை. சமையலறையில் கரியடுப்பு. தும்மலுக்காக அம்மா தினமும் போட்டுக்கொண்ட மாத்திரை வேறு. ஒவ்வாமை மாத்திரைகள் பல, கண்ணீரையும் குறைக்கும்.

அன்று முதல் விசிறி கால் பக்கம் போனது. கரியடுப்பு ஜன்னலோரம் போனது. மருத்துவர் சொன்னபடி மாத்திரையை மாற்றினோம். காலையிலும் இரவிலும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை, தோல் பொறுக்கும் சூட்டில், மூடிய இமைமேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து, பிறகு இமை ஓரத்தை மெதுவாகத் துடைத்தோம். உறைந்த எண்ணெய் இளகுவதற்கு அதுவே வழி. சிவப்பு மருந்தை விட்டுவிட்டு, அவர் எழுதிக்கொடுத்த செயற்கைக் கண்ணீரை மட்டும் விட்டோம். மீன் எண்ணெய் மாத்திரை வாங்கலாமா என்று கேட்டோம். 2018இல் அமெரிக்காவில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு ஓராண்டு கொடுத்துப் பார்த்ததில், ஒப்பிடக் கொடுத்த ஆலிவ் எண்ணெயைவிட அது கூடுதல் பலன் தரவில்லை என்றார். அந்தக் காசு மிஞ்சியது.

இரண்டு மாதத்தில் அம்மாவின் எரிச்சல் குறைந்தது. ஆனால் அதற்குள் மழையும் வந்துவிட்டது. காற்றில் ஈரம் இருந்தால் யார் கண்ணுக்கும் சுகம்தானே! குணம் தந்தது எங்கள் பழக்கமா, மழையா? சாட்சி சொல்ல அவசரப்படாமல், நவம்பரில் காற்று காயும்வரை காத்திருந்தோம். ஸ்ட்ராண்ட் ரோட்டுப் புழுதி திரும்பியது. அம்மாவின் கண் பழையபடி திரும்பவில்லை. ஒரு வாரம் சோம்பலில் வெந்நீர்த் துணியை விட்டபோது மட்டும் எரிச்சல் எட்டிப் பார்த்தது. முழுக் குணம் என்று சொல்லமாட்டோம். சொட்டு மருந்து இன்னும் உண்டு. ஆனாலும் பழக்கத்தை மாற்றினால் பாரம் குறையும் என்று நாங்கள் கண்டோம்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு இருபது தடவையளவு இமைக்கிறவர்கள், கணினித் திரையைப் பார்க்கும்போது ஏழு தடவையளவே இமைத்ததாக 1993இல் ஜப்பானிய மருத்துவர்கள் எழுதினார்கள். கைபேசியோடு நள்ளிரவு வரை இருக்கும் எங்களையும் அது குத்தியது. இப்போது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலை நிமிர்ந்து தூரத்தில் பார்க்கிறோம். இமையை முழுவதும் மூடித் திறக்கிறோம்.

எல்லாமே வீட்டு வைத்தியத்தில் தீராது. கண் வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ மருத்துவரிடம் போங்கள். வாயும் வறண்டு மூட்டும் வலித்தால் அதையும் சொல்லுங்கள். உடலின் வேறு நோய்க்கு அது அடையாளமாகலாம். ஸ்டீராய்டு சொட்டு மருந்தைக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். அது கண் அழுத்தத்தை ஏற்றும். "ஜெபித்தால் போதும், மருந்து எதற்கு?" என்று அம்மாவிடம் ஒருவர் கேட்டார். லவோதிக்கேயா சபைக்கு எழுதின நிருபத்தில் ஆண்டவரே கண்ணுக்குக் கலிக்கம் பற்றிப் பேசுகிறாரே என்றார்கள் அம்மா. நாங்கள் ஜெபமும் செய்தோம், துணியும் நனைத்தோம்.

இந்த லெந்தில் அம்மா மறுபடி வேதபாடம் வாசித்தார்கள், பெரிய எழுத்து வேதாகமத்தில். தமிழ் வகுப்பைச் சாயங்கால சார்ஜ் விளக்கிலிருந்து காலை வெளிச்சத்துக்கு மாற்றிவிட்டோம். பிள்ளைகளை ஒன்பது மணிக்கு அனுப்புங்கள்.