சுல்தான் கோழி: கொண்டைக்குள் மறைந்த கண்கள்

சுல்தான், துருக்கியைத் தாயகமாகக் கொண்ட வெள்ளைக் கோழி இனம். உஸ்மானியப் பேரரசின் தலைநகரில், அரண்மனைத் தோட்டங்களில் அழகுக்காக வளர்ந்த பறவை என்பதால் துருக்கியர் அதை ‘சராய் தாவுக்’, அதாவது அரண்மனைக் கோழி என்று அழைத்தார்கள். 1854 ஜனவரியில் ஒரு சிறு கூட்டம் கப்பலேறி இங்கிலாந்துக்கு வந்தது. அதை வரவழைத்தவர் லண்டனை அடுத்த ஹாம்ப்ஸ்டெட்டில் வாழ்ந்த எலிசபெத் வாட்ஸ் என்ற பெண்மணி. கோழி வளர்ப்புக்கென்றே வந்த இதழ் ஒன்றின் ஆசிரியர் அவர். நீண்ட கடல் பயணத்தில் அழுக்கு அப்பி, இறகெல்லாம் ஒட்டிக்கிடந்த நிலையில்தான் பறவைகள் அவர் கைக்கு வந்து சேர்ந்தன. இன்று மேற்கு நாடுகளில் இந்த இனத்தின் வரலாறு அவரிடமிருந்தே தொடங்குகிறது. 1874இல் வெளிவந்த அமெரிக்கக் கோழி இனத் தரநூலிலும் சுல்தான் இடம்பெற்றது. ஆனாலும் எந்த நாட்டிலும் அது பெருங்கூட்டமாகப் பெருகவில்லை. அமெரிக்காவின் கால்நடைப் பாதுகாப்பு அமைப்பு அதை அருகிவரும் இனங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது.

உடல் சிறியது. சேவல் சுமார் 2.7 கிலோ, பெட்டை சுமார் 1.8 கிலோ. ஒரு கோழிக்கு வரக்கூடிய அலங்காரங்களில் பெரும்பாலானவை இந்த ஒரே பறவையில் வந்து சேர்ந்திருக்கின்றன. தலையில் உருண்டு திரண்ட இறகுக் கொண்டை, அதன் முன்னால் இரண்டு சிறு கொம்புகளாகப் பிரிந்து நிற்கும் பூ, அலகுக்குக் கீழே தாடி, கன்னங்களில் அடர்ந்த இறகு. முழங்கால் மூட்டிலிருந்து பின்னோக்கி நீளும் விறைத்த இறகுகளும், விரல் நுனி வரை மூடிய கால் இறகுகளும் உண்டு. பெரும்பாலான கோழிகளுக்கு நான்கு விரல், இதற்கு ஐந்து. இறகுக்கு அடியில் காலின் தோல் நீலச் சாம்பல் நிறமாக இருக்கும். வெள்ளைதான் பரவலாக அறியப்பட்ட நிறம். சில நாடுகளில் கறுப்பும் நீலமும் உண்டு.

இந்த இனத்தை வளர்ப்பதில் உள்ள சிரமங்களில் பெரும்பகுதிக்குக் காரணம் ஒன்றே: சுல்தானுக்கு நன்றாகப் பார்க்க முடியாது. கண்ணில் கோளாறு ஏதும் இல்லை. கொண்டை மேலிருந்தும், கன்ன இறகு கீழிருந்தும் பார்வையை மறைக்கின்றன. தரையும் எதிரே ஒரு சிறு பகுதியும் மட்டுமே தெரியும். கோழி என்பது கண்ணை நம்பி வாழும் பறவை. தீனியைக் கண்டெடுப்பதும், பருந்தின் நிழலுக்கு ஒதுங்குவதும், கூட்டத்தில் தன்னைவிட வலியதற்கு வழிவிடுவதும் கண்ணால்தான். சுல்தானைச் சோம்பேறி என்றும் மந்தம் என்றும் சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கண்ணை மறைக்கும் இறகைக் கத்தரித்துவிட்டால் அதே பறவை ஓரிரு நாளில் சுறுசுறுப்பாக ஓடியாடி மேயும். குணத்தில் அது மென்மையானது. மனிதரிடம் எளிதில் பழகும். சேவல்கூடப் பாய்ந்து கொத்துவது அரிது. ஆனால் சத்தம் காட்டாமல் பின்னாலிருந்து தொட்டால் பதறித் துள்ளும். எனவே கூண்டுக்குள் நுழையும்போது பேசிக்கொண்டே நுழைவது நல்ல வழக்கம். சில நாள்களிலேயே குரலை அடையாளம் கண்டு காலடிக்கு வந்துவிடும்.

பார்வை குறைந்த பறவைக்கு வீட்டைச் சுற்றித் திறந்துவிட்ட மேய்ச்சல் ஏற்றதல்ல. பருந்தும் நாயும் பூனையும் மிக அருகில் வந்த பிறகுதான் அதற்குத் தெரியும். பக்கங்களில் கம்பிவலையும் மேலே வலையோ கூரையோ உள்ள அடைப்புதான் பாதுகாப்பு. அடையும் கம்பு தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் போக வேண்டாம். உயரத்திலிருந்து இறங்கும்போது தரை எங்கே என்று கணிக்க முடியாமல் தடுமாறி விழுந்தால் கால் வீங்கும். கம்பு உருண்டையாக இல்லாமல் தட்டையாக இருந்தால் இறகு மூடிய பாதம் நன்றாகப் பதியும். முட்டையிடும் பெட்டியைத் தரையோடு வைக்க வேண்டும். உள்ளே பொருள்களை அடிக்கடி இடம் மாற்றக் கூடாது. தண்ணீரும் தீவனமும் நேற்று இருந்த இடத்தில் இன்றும் இருந்தால் பறவை நினைவைக் கொண்டே வழி கண்டுபிடித்துக்கொள்ளும். மாற்றி வைத்தால் அரைநாள் பட்டினி கிடந்தாலும் கிடக்கும்.

தண்ணீர்ப் பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பதில் அலட்சியம் கூடாது. அகன்ற தட்டில் குடித்தால் தாடி முழுக்க நனையும். நனைந்த தாடியில் தூசியும் தீவனமும் ஒட்டிப் புளித்து நாற்றமடிக்கும். அடியில் தோல் புண்ணாகும். குளிர் நாடுகளில் தாடியே உறைந்துவிடும். விளிம்பு குறுகிய பாத்திரமோ, அலகால் தட்டினால் சொட்டும் நிப்பிள் குழாயோ இதைத் தவிர்க்கும். தீவனத்திலும் அப்படித்தான். மாவுத் தீவனம், அதிலும் தண்ணீரில் பிசைந்தது, தாடியில் அப்பிக்கொள்ளும். அப்பியதை அடுத்த கோழி கொத்தித் தின்னும். தீவனத்தோடு இறகும் வரும். வெள்ளை இறகில் ஒரு துளி ரத்தம் தெரிந்தால் கூட்டமே திரண்டு அந்த இடத்தைக் கொத்தும். இறகு பிடுங்கும் பழக்கம் பல கூண்டுகளில் இப்படித் தாடியில்தான் தொடங்குகிறது. குருணையாகவோ உருண்டையாகவோ உள்ள தீவனத்தைக் கொடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. கண்காட்சிக்கு வளர்ப்பவர்கள் மஞ்சள் மக்காச்சோளத்தைக் குறைப்பார்கள், கடும் வெயிலிலும் விடமாட்டார்கள். இரண்டுமே வெள்ளை இறகில் மஞ்சள் ஏற்றும்.

கால் இறகு ஈரத்துக்குப் பகை. சேற்றில் நடந்தால் விரல்களுக்கிடையில் மண் உருண்டை சேரும். காய்ந்ததும் அது இறுகி, விரலை நெரித்து, நகத்தையே பெயர்த்துவிடும். அந்த உருண்டையைப் பிய்த்தெடுக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்துக் கரைத்து எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் பறவையைக் கூரைக்கு அடியிலேயே வைத்திருப்பதுதான் இதற்குத் தீர்வு. தரையில் உமி, மரச்சீவல், காய்ந்த மணல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை நாலைந்து அங்குலம் பரப்பி, ஈரம் தட்டிய இடத்தை உடனே அள்ளிவிட வேண்டும். நீண்ட வைக்கோல் காலில் சுற்றிக்கொள்ளும். இறகு உதிர்த்துப் புதிதாக முளைக்கும் பருவத்தில் கூடுதல் கவனம் வேண்டும். முளை இறகின் தண்டில் ரத்தம் ஓடும்; காலில் அது ஒடிந்தால் ரத்தக்கசிவும் அதைத் தொடர்ந்து கொத்தலும்தான். ஐந்தாவது விரல் தரையைத் தொடாது. அதனால் அதன் நகம் தேயாமல் சுருண்டு வளரும். சில மாதங்களுக்கு ஒருமுறை அதை நறுக்கிவிட வேண்டும். இறகு மூடிய காலில் செதில்பூச்சி தொற்றினாலும் வெளியே தெரியாது. இறகை விலக்கிப் பார்த்து, செதில் தடித்துத் தூக்கி நின்றால் வாசலீன் போன்ற களிம்பைத் திரும்பத் திரும்பப் பூசிவரப் பூச்சி மூச்சுமுட்டிச் சாகும்.

கொண்டையும் இதேபோல் பேனுக்கு ஒளிவிடம். தலையைக் கால் நகத்தால் சொறிந்துகொண்டே இருந்தாலோ, கண்ணில் நீர் வடிந்தாலோ கொண்டையின் அடித்தோலைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாம்பலும் மணலும் கலந்த புழுதிக் குளியல் உடலுக்கு உதவும். தலைக்கு அது போதாது. வாரம் ஒருமுறை ஒவ்வொரு பறவையையும் கையில் எடுத்துத் தலை, தாடி, எச்சவாய், கால் ஆகியவற்றைப் பார்ப்பது இந்த இனத்தில் தவிர்க்க முடியாத வேலை. போட்டிக்குப் போகாத பறவைக்குக் கண்ணை மறைக்கும் இறகைக் கத்தரித்துவிடுவதே நியாயம். போட்டிப் பறவைக்கு இறகை மென்மையான நாடாவால் மேலே தூக்கிக் கட்டலாம். கட்டு இறுகிவிடாமல் தினமும் கவனிக்க வேண்டும்.

கூட்டாளிகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ரோட் ஐலண்ட் ரெட், லெகார்ன் போன்ற சுறுசுறுப்பான இனங்களோடு ஓரிரு சுல்தான்களை விட்டால் அவை கூட்டத்தின் அடித்தட்டுக்குத் தள்ளப்படும். அடி எங்கிருந்து வருகிறது என்றே தெரியாததால் ஒதுங்கவும் முடியாது. அசீல் போன்ற சண்டை இனத்தோடு விடுவது கொடுமை. கொண்டைக் கோழிகளில் பலவற்றுக்கு மண்டையோடு கூம்பி எழுந்திருக்கும். குஞ்சுப் பருவத்தில் அங்கே எலும்பு முழுமையாக மூடியிருக்காது. அந்த இடத்தில் விழும் ஒரு கொத்து உயிரையே எடுக்கலாம். சுல்தானைத் தனியாக வளர்ப்பது சிறந்தது. இல்லையென்றால் சில்க்கி, போலிஷ் போன்ற சாதுவான இனங்களோடு விடலாம். தனிக் கூண்டில் சுல்தான் வளர்ப்பு, கலப்புக் கூட்டத்தைக் கட்டி மேய்ப்பதைவிட எளிது. இடமும் அதிகம் கேட்காது. சுல்தான் மேயும் புல்தரை மற்றக் கோழிகள் மேயும் தரையைவிட நெடுநாள் பச்சையாக இருக்கும் என்று வாட்ஸ் எழுதினார். இறகு மூடிய காலால் அது தரையை அவ்வளவாகக் கீறுவதில்லை என்பதால் அந்தக் கூற்று இன்றும் பொருந்துகிறது.

முட்டைக்காக இதை வாங்குவதில் பயனில்லை. வெள்ளை முட்டை, சிறியது, பருவத்தில் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. கறிக்கும் ஏற்றதல்ல.

இனப்பெருக்கம் பொறுமை கேட்கும் வேலை. பெட்டை பெரும்பாலும் அடை உட்காராது. முட்டையை 21 நாள் அடைகாக்க வேறொரு கோழி வேண்டும், அல்லது இன்குபேட்டர் வேண்டும். எச்சவாயைச் சுற்றியுள்ள அடர்ந்த இறகு சேர்க்கைக்குத் தடையாகும் என்பதால் பருவத்துக்கு முன் சேவலுக்கும் பெட்டைக்கும் அதைக் கத்தரிப்பார்கள். கருக்கூடிய முட்டைகளின் எண்ணிக்கை இதனால் கூடும். சேவலுக்கும் கண்ணருகே இறகைக் குறைத்தால்தான் பெட்டை எங்கே என்று அதற்குத் தெரியும். ஒரு சேவலுக்கு நான்கைந்து பெட்டை போதும். குஞ்சு ஐந்து விரலோடும், கொண்டை வரப்போகும் புடைப்போடும்தான் பொரியும். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் கொடுத்து, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். மற்ற இனக் குஞ்சுகளோடு கலக்காமல் தனியாக வளர்ப்பது அவசியம்.

எண்ணிக்கை குறைந்த இனத்தில் உறவுக்குள்ளேயே சேர்க்கை நடக்கும் ஆபத்து எப்போதும் உண்டு. கருக்கூடாத முட்டையும், ஓட்டுக்குள்ளேயே சாகும் குஞ்சும், மெலிந்த வளர்ச்சியும் அதன் அடையாளங்கள். ஒரே இடத்துப் பறவைகளை மட்டும் வைத்துப் பெருக்காமல், இரண்டு மூன்று வம்சவழிகளைப் பிரித்து வைத்து, கால்வளையம் போட்டுக் கணக்கெழுதி, ஒவ்வொரு பருவத்திலும் ஒரு வழியின் சேவலை அடுத்த வழிக்கு மாற்றுவது பழைய முறை. நன்கு பலன் தருவது. கொண்டையின் பெருக்கம் ஒன்றையே பார்த்துச் சேவலைத் தேர்ந்தெடுப்பது இனத்துக்குச் செய்யும் தீங்கு. சுறுசுறுப்பும், ஆழ்ந்த மார்பும், நேரான காலும், தானே தீனி கண்டெடுக்கும் திறனும் உள்ள பறவைக்கே முதலிடம் தர வேண்டும்.

வாங்கும்போது ஏமாறாமலிருக்க ஒரு விவரம் உதவும். கொண்டை, தாடி, ஐந்தாம் விரல், கால் இறகு ஆகிய எல்லாமே கலப்பின் முதல் தலைமுறையிலேயே ஓரளவு தலைகாட்டக்கூடியவை. வெள்ளைக் கோழியில் இவை அரைகுறையாகத் தெரிந்தால் அதைத் தூய இனம் என்று விற்பவர்கள் உண்டு. கலப்பில் எளிதில் மறைவது முழங்கால் மூட்டின் விறைத்த நீள் இறகு. முதலில் அதைப் பார்த்து, பிறகு இரண்டு காலிலும் ஐந்து விரல் பிரிந்திருக்கிறதா, பூ இரு கொம்பாக நிற்கிறதா, கால் தோல் நீலமா என்று பார்க்க வேண்டும். கூடவே கொண்டையை விலக்கிக் கண் இரண்டும் தெளிவாக இருக்கின்றனவா என்று பார்த்து, பெற்றோர்ப் பறவைகளையும் காட்டச் சொல்லிக் கேட்டு வாங்குவது நல்லது. புதிய பறவையை மூன்று வாரமாவது தனியாக வைத்து, பேனும் சளியும் கழிச்சலும் இல்லை என்று உறுதியான பிறகே பழைய கூட்டத்தோடு சேர்க்க வேண்டும்.