கைநாட்டு

எழுதப் படிக்கத் தெரியாதவர் வங்கியில் கடன் பத்திரத்துக்குக் கைநாட்டு வைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பத்திரத்தில் உள்ளதை அவருக்குத் தெரிந்த பாஷையில் படித்துக் காட்ட வேண்டும். அவர் விளங்கிக்கொண்டார் என்று ஒரு வரி எழுதி, படித்துக் காட்டியவர் அதன் கீழ் கையெழுத்திட வேண்டும். அதற்குப் பிறகுதான் விரலில் மை. பல தடவை நானே படித்துக் காட்டியிருக்கிறேன். பாதியில் நிறுத்தி, "இது என்னப்பா, திரும்பச் சொல்லு" என்று கேட்கிற கிழவிகள் உண்டு. பின்னால் வரிசை முணுமுணுக்கும். அவர்கள் அதை லட்சியம் பண்ணுவதில்லை.

வேலை முடிந்து வெளியே வந்ததும் என் கட்டைவிரல் வேறு காரியத்தில் இறங்கிவிடுகிறது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலையானால் வண்டிகள் கிடையாது, நடக்கிறவர்களுக்கென்று விட்டுவிடுகிறார்கள். கைபேசியைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். காந்தி சிலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போவதற்குள் ஐம்பது அறுபது பேருடைய எழுத்தின் மீது தீர்ப்புச் சொல்லி முடித்திருப்பேன். கவிதை, இரங்கல் குறிப்பு, கல்யாணப் புகைப்படம், யாரோ ஒரு மந்திரியின் பேச்சு – எல்லாவற்றுக்கும் ஒரே வேகம், ஒரே விரல்.

இதைப் பொதுஜன வியாதி என்று ஒதுக்கிவிட முடிந்தால் சௌகரியமாக இருக்கும். எனக்கு முடியவில்லை. காரணம் 'மாதொருபாகன்'.

2010இல் வந்த நாவல் அது. நான்கு வருஷம் அதற்கு ஒரு தொந்தரவும் இல்லை. 2014 டிசம்பர் கடைசியில் திருச்செங்கோட்டில் அதைக் கொளுத்தினார்கள். ஊருக்குள் சுற்றியது நாவல் அல்ல. அதிலிருந்து பிரித்து நகலெடுத்த சில பக்கங்கள். 2015 ஜனவரியில், சமாதானக் கூட்டம் என்று பெயரிடப்பட்ட ஒன்றுக்குப் பிறகு, எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டதாக அவரே முகநூலில் அறிவித்தார்.

அப்போது அங்கே அழுத்துவதற்கு நிமிர்ந்த கட்டைவிரல் ஒன்றுதான் இருந்தது. துக்கத்துக்கும் கோபத்துக்குமான முகங்கள் 2016 பிப்ரவரியில்தான் வந்து சேர்ந்தன. ஒரு மரண அறிவிப்புக்கு நான் கட்டைவிரலை நிமிர்த்தினேன். பிறகு கருத்துச் சுதந்திரம் பற்றி நான்கு பாரா எழுதினேன். பாராட்டினார்கள். நாவலை நான் படித்திருக்கவில்லை.

கொளுத்தியவர்களையும் என்னையும் ஒரே தராசில் வைக்கவில்லை. அவர்களுடைய அபிப்பிராயம் ஒரு மனிதனை ஊரைவிட்டுப் போகவைத்தது. என்னுடையது யாரையும் ஒன்றும் செய்யவில்லை. நான் நின்ற இடம் சரியான இடம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த இடத்துக்கு நான் வந்த வழியும் அவர்கள் வந்த வழியும் ஒன்றுதான் – படிக்காமல் வந்த வழி.

2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் நாவலின் கதையையே விரிவாக எடுத்துப் பேசியிருந்தார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டிய கட்டாயம் உள்ளவர்கள் படித்திருந்தார்கள். ஒரு கட்டாயமும் இல்லாத நான் படிக்காமலே சொல்லியிருந்தேன்.

கூச்சத்தில்தான் நாவலை வாங்கினேன். குழந்தையில்லாத காளியும் பொன்னாவும். அவர்களை அலைக்கழிப்பது குழந்தையின்மை மட்டுமல்ல. அதைப் பற்றி ஊர் பேசும் பேச்சு. உறவுக்காரரும் அண்டை அயலாரும் போகிற போக்கில் ஒரு சொல் உதிர்த்துவிட்டுப் போகிறார்கள். சொன்னவர்கள் அடுத்த நிமிஷம் மறந்துவிடுகிறார்கள். கேட்டவன் தன் தொண்டுப்பட்டிக்குள் ஒதுங்கிக்கொள்கிறான். சச்சரவுக்குள்ளான திருவிழாவைப் பற்றித்தான் எல்லோரும் பேசினோம். புத்தகம் அதைவிட அதிகமாக எங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது என்று தோன்றுகிறது.

கைபேசிதான் இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தது என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இது புதிதா என்ன? 'தேறாது' என்ற ஒரே வார்த்தையில் ஒரு தொகுதியைப் புதைத்துவிடுகிற சாமர்த்தியம் நம்மிடையே எப்போதும் கௌரவமாகவே மதிக்கப்பட்டு வந்திருக்கிறது. கறாரான விமர்சனம் என்று அதற்குப் பெயரும் வைத்தோம். அச்சில் வர மூன்று மாதம் ஆகும் என்பதால், அதற்குள் மனசு மாற ஒரு சந்தர்ப்பமாவது இருந்தது. அந்த மூன்று மாதம்தான் இன்று போய்விட்டது. சுபாவம் நம்முடையதுதான்.

சென்ற வருஷம் ஓர் இளைஞர் தன் முதல் தொகுதியிலிருந்து ஒரு கவிதையைப் போட்டிருந்தார். எட்டு வரி. தொகுதியையும் தபாலில் அனுப்பியிருந்தார்; உறையைப் பிரிக்கவில்லை. எட்டு வரியின் கீழ் 'தொகுதி தேறாது' என்று எழுதினேன். இருபது முப்பது கட்டைவிரல்கள் என் பக்கம் நிமிர்ந்தன. ஒரு மாதம் கழித்து அதே கடற்கரைச் சாலையில் எதிரே வந்தவர், மரியாதையாக நின்று கேட்டார்:

"எவ்வளவு சார் படிச்சீங்க?"

"முழுசும்" என்றேன்.

வீட்டுக்குப் போனதும் உறையைப் பிரித்துப் படித்தேன். என் அபிப்பிராயம் பெரிதாக மாறவில்லை. ஆனால் மூன்று கவிதைகள் நன்றாக இருந்தன. அவற்றில் ஒன்றை நான் எழுதியிருக்கலாமே என்றுகூட இருந்தது. அதைச் சொல்லிவிடலாம் என்று அவர் பக்கத்தைத் தேடினேன். கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டிருந்தார்.