அத்தைக்கு எத்தனை பாய்?

டோக்கியோ, நிஷி கசாயிலிருந்து.

அத்தையும் கிளம்பிவிட்டார். மார்ச் கடைசியில் அப்பாவும் அம்மாவும் இங்கே வருவது தீபாவளிக்கே முடிவான விஷயம். விசா, டிக்கெட், அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்கு டாக்டர் சீட்டு, எல்லாம் தயார். இந்த வாரம் கும்பகோணத்திலிருந்து போன். “உங்க அத்தையும் வர்றேங்குது. நமக்கென்ன, கூட ஒரு ஆள்தானே?” என்றார் அப்பா.

இந்தக் “கூட ஒரு ஆள்தானே” நம்மூரில் கல்யாண வீட்டிலிருந்து வாடகைக் கார் வரை எங்கும் செல்லும். ஜப்பானில் செல்லாது. அதைத்தான் இந்த மடலில் புலம்பப் போகிறேன்.

கியோட்டோவைப் பார்க்காமல் ஊர் திரும்பினால் ஜப்பான் பார்த்ததாகக் கணக்கில்லை. 794 முதல் 1868 வரை தலைநகரமாக இருந்த ஊர். அங்கே இரண்டு ராத்திரி தங்க ஒரு சின்ன விடுதியில் அறை போட்டு வைத்திருந்தேன். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம், ஹிகாஷி ஹோங்கான்ஜி கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. பழைய மர வீடு. ஆறு தத்தாமி பாய் விரித்த அறை, குளியலறை பொது. சகுரா பூக்கிற சமயத்தில் ஆளுக்கு ஏழாயிரம் யென்னுக்கு இப்படி ஓர் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. நான், அப்பா, அம்மா, மூன்று பேர். கூடவே என் பையன். கணவருக்கு மார்ச்சில் நிதியாண்டுக் கணக்கு முடிக்கிற வேலை. லீவு என்று வாயைத் திறந்தாலே ஆபீசில் சிரிப்பார்கள்.

விடுதிக்குப் போன் போட்டேன். “எங்கள் அத்தையும் வருகிறார். வயதானவர், ஒல்லியான உடம்பு. அவருக்கென்று தனியாக ஒன்றும் வேண்டாம். தரையிலேயே படுத்துக்கொள்வார்” என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு விடுதிக்கார அம்மா மிகுந்த பணிவோடு சொன்னார்: “எங்கள் விடுதியில் எல்லோருமே தரையில்தான் படுக்கிறார்கள்.”

நம் லாட்ஜ்களில் தலைமுறை தலைமுறையாகச் செல்லுபடியான ஒரு வாதம் அந்த ஒரு வரியில் காலி.

பழனியிலோ திருச்செந்தூரிலோ லாட்ஜ் எடுத்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. டபுள் ரூம் என்று எழுதி வாங்குவோம். முதலில் இரண்டு பேர் மாடி ஏறுவார்கள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு ஒருவர், தண்ணீர் பாட்டிலோடு ஒருவர், ‘மொட்டை போட வந்த குழந்தை’யோடு நாலு பேர். கவுண்ட்டரில் இருப்பவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே எண்ணிவிடுவார். சாயங்காலம் வந்து, “சார், ஒரு எக்ஸ்ட்ரா பெட்டாவது போட்டுக்குங்க” என்பார். அதற்கும் பேரம் பேசி, கடைசியில் இரண்டு பாயும் மூன்று தலையணையும் வாங்கிக்கொள்வோம். கட்டிலில் பெரியவர்கள், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சித்தப்பா, பாத்ரூம் கதவை ஒட்டி யாராவது ஒரு மாப்பிள்ளை. விடிய விடியப் பேச்சு. அங்கே வாடகை அறைக்கு. உள்ளே எத்தனை தலை என்பது நம் பாடு.

இங்கே விற்பது அறையை அல்ல, ஆளுக்கு ஓர் இடத்தை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நானே இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய பாணி விடுதிகளில் வாடகை தலைக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும். அதே அறைக்கு இரண்டு பேர் போனால் ஒரு கட்டணம், மூன்று பேர் என்றால் அதன் மேல் இன்னொரு ஆளின் கட்டணம். சரி, நாலாவது ஆளுக்கும் காசு கொடுக்கிறேன், உள்ளே விடுங்கள் என்றால் அதுவும் முடியாது. அறைக்கு மூன்று பேர் என்றால் மூன்றுதான். தங்கும் விடுதிகளுக்கென்று 1948இல் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் கீழ் வரும் எளிய வகை விடுதிகளில், பத்துப் பேருக்கும் குறைவாகத் தங்கும் சின்ன இடமென்றால், ஆளுக்கு 3.3 சதுர மீட்டர் தரை இருந்தாக வேண்டும். 3.3 சதுர மீட்டர் என்பது கிட்டத்தட்ட இரண்டு தத்தாமி பாய். ஆறு பாய், மூன்று ஆள். கணக்கு வாய்ப்பாடு மாதிரி நிற்கிறது. இதற்கு மேல் தீயணைப்புத் துறையின் கணக்கு வேறு.

கியோட்டோப் பாய் டோக்கியோப் பாயைவிடச் சற்றுப் பெரிது. இது உண்மை. இதையும் சொல்லிப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க ஜப்பானிய மொழியில் எத்தனை விதம் உண்டோ அத்தனையும் சொல்லி அந்த அம்மா மறுத்துவிட்டார். ஒரு சலிப்பு, ஒரு குரல் உயர்வு இருந்தால் நாமும் நாலு வார்த்தை பேசலாம். இவ்வளவு பணிவாக மறுப்பவரிடம் எப்படித்தான் சண்டை போடுவது?

பையனைப் பற்றியும் விசாரணை. அவன் வரும் ஏப்ரலில் முதல் வகுப்பில் சேருகிறான். பள்ளியில் சேராத பிள்ளை அம்மாவின் படுக்கையிலேயே படுத்துக்கொண்டால் கட்டணம் இல்லை. பள்ளிப் பிள்ளை ஆகிவிட்டால் அவனுக்கும் ஒரு மெத்தை, ஒரு கட்டணம். ஆகவே மார்ச் 31க்குள் கியோட்டோ போய்விட்டு வந்தால் அவன் குழந்தை. ஒரு வாரம் தள்ளிப் போனால் விருந்தாளி. பஸ்ஸில் கண்டக்டர் வரும்போது பிள்ளையின் தோளை அமுக்கிக் குட்டையாக்கிய பரம்பரையில் வந்தவள் நான். எனக்கே இந்தத் துல்லியம் கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது.

போதாக்குறைக்குத் தங்கும் வரி. 2018 அக்டோபரில் கியோட்டோ நகராட்சி இதைத் தொடங்கியது. 2026 மார்ச் முதல் தேதியிலிருந்து கூட்டுகிறார்கள். இதுவும் தலைக்கு, ராத்திரிக்கு. ஆறாயிரம் யென்னுக்குக் கீழே தங்கினால் 200 யென், எங்களைப் போல அதற்கு மேலே இருபதாயிரத்துக்குள் என்றால் 400. ராத்திரிக்கு ஒரு லட்சம் யென் கொடுத்துத் தங்குகிற மகராசர்கள் பத்தாயிரம் கட்ட வேண்டும். அது நியாயம்தான், ஆட்சேபணை இல்லை.

பெயர்ப் பதிவேடு இன்னொரு கூத்து. தங்குகிற ஒவ்வொருவரின் பெயரும் முகவரியும் பதிவேட்டில் ஏற வேண்டும். ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டுக்காரர்களுக்குப் பாஸ்போர்ட் எண்ணும் சேர்த்து. மூன்று வருஷம் அதைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். படிவத்தில் முதல் கட்டம் குடும்பப் பெயர். எனக்கு அப்பாவின் பெயர், அப்பாவுக்குத் தாத்தாவின் பெயர், அம்மாவுக்கு அப்பாவின் பெயர், அத்தைக்கு மாமாவின் பெயர், பையனுக்கு என் கணவரின் பெயர். புருஷன் பெண்டாட்டி இருவரும் ஒரே குடும்பப் பெயர் வைத்தாக வேண்டும் என்று சிவில் சட்டமே சொல்கிற நாடு இது. ஐந்து பேருக்கு நாலு குடும்பப் பெயர் என்றதும் விடுதியிலிருந்து கேட்டு எழுதினார்கள்: “இவர்கள் அனைவரும் ஒரே குழுவினர்தானா?” ஒரே குடும்பம் அம்மா, ஒரே குடும்பம்! ஒரே அறையில் போடுங்கள் என்று மன்றாடுவதே அதனால்தான்.

2016 பிப்ரவரி 22 மகாமகம் ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வீட்டில் கூடம், ரேழி, மொட்டை மாடி என்று கால் வைக்க இடமில்லை. யார் யாருக்கு உறவு என்று கடைசி வரை எனக்குப் பிடிபடாத ஒரு குடும்பம் மூன்று நாள் இருந்து, தீர்த்தமாடி, எங்கள் வீட்டு டிகாக்ஷனைப் பற்றிக் குறையும் சொல்லிவிட்டுப் போனது. யாரும் பாயை எண்ணவில்லை. இந்த அத்தைதான் அன்றைக்கு அடுப்படி வாசலில் ஒரு பழம்புடவையை விரித்து, தலைக்கு மணையை வைத்துத் தூங்கினார். ராமேசுவரம் போகிற யாத்திரிகர்களுக்கென்று இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் கட்டிய சீமையில் பிறந்தவர்கள் நாங்கள். வந்தவரை எண்ணி உள்ளே விடுவது எங்களுக்கு வராது.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஜப்பானியர்களும் ஒரு காலத்தில் எண்ணவில்லை. தீயில் எரிந்துபோன ஹிகாஷி ஹோங்கான்ஜியைத் திரும்பக் கட்டி முடித்தது 1895இல். அந்த வேலைக்காக நாட்டின் பல மூலைகளிலிருந்து பக்தர்கள் வந்தார்கள். மரம் இழுக்க, மண் சுமக்க வந்தவர்கள் தங்குவதற்கு அந்தந்த ஊர்க்காரர்களே கோயிலைச் சுற்றிக் கூடங்கள் அமைத்துக்கொண்டார்கள். சத்திரம் என்றே சொல்லலாம். அவற்றில் இரண்டொன்று இன்றைக்கும் மலிவு விடுதியாக நடக்கின்றன. அன்றைக்கு ராத்திரி உழைத்துக் களைத்து விழுந்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டு பாய் அளந்து கொடுத்திருப்பார்கள் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

பெரிய உத்திரங்களை இழுக்கும்போது சாதாரணக் கயிறு அறுந்துபோகிறது என்று பெண்கள் தங்கள் கூந்தலை அறுத்துக் கொடுத்தார்கள். அதைச் சணலோடு முறுக்கிக் கயிறு திரித்தார்கள். அதில் ஒன்றைக் கோயிலில் இன்றும் கண்ணாடிக்குள் சுருட்டி வைத்திருக்கிறார்கள். கை கனத்துக் கருத்த வடம். கிட்டே போய்ப் பார்த்தால் முறுக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முடி தெரியும். டோக்கியோவிலிருந்து போகிற பிள்ளைகள் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். சமயபுரத்தில் முடி கொடுத்த அத்தைக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை விளக்க வேண்டியிருக்காது.

கோயிலுக்குக் கட்டணம் கிடையாது என்பது எனக்கு இன்னொரு வகையிலும் சௌகரியம். நம் லாட்ஜில் எப்போது நுழைந்தாலும் அங்கிருந்து 24 மணி நேரம். இங்கே பிற்பகல் மூன்று மணிக்குத்தான் அறை. மறுநாள் காலை பத்துக்குள் காலி செய்ய வேண்டும். பணம் ஒரு நாளுக்கு, தங்கல் 19 மணி நேரம். காலையிலேயே போய் இறங்கினால் பெட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வார்கள், ரசீதுகூடக் கேட்கத் தோன்றாத நம்பிக்கையோடு. மூன்று மணி வரை பெரியவர்களை எங்கே உட்கார வைப்பது? ஹோங்கான்ஜியின் பெரிய மண்டபத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். அங்கே யாரும் பாயை எண்ண மாட்டார்கள்.

இப்படி எதையும் அளந்து பார்க்கிற குணத்தில் ஒரு நல்லதும் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2007இல் கொண்டுவந்த விதிப்படி, கியோட்டோவின் நடுப்பகுதியில்கூட 31 மீட்டருக்கு மேல் புதிதாகக் கட்ட முடியாது. கூரை மேல் விளம்பரப் பலகை வைக்கக் கூடாது, மினுக்கும் விளக்கு கூடாது. (ஸ்டேஷன் வாசலில் 131 மீட்டருக்கு ஒரு டவரை 1964இல் நிறுத்திவிட்டுத்தான் இந்தப் புத்தி வந்தது, அது வேறு.) அதனால் தோஜி கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரம் இன்னும் தூரத்திலிருந்தே தெரிகிறது. பதினொரு நிலை சாரங்கபாணி கோபுரத்தை லாட்ஜ் போர்டுகளுக்கு நடுவே எட்டிப் பார்க்கிற ஊரிலிருந்து வந்தவளுக்கு இதைப் பார்க்கையில் வயிற்றெரிச்சல்தான்.

சாப்பாடு இல்லாத கட்டணம்தான் போட்டிருக்கிறேன். மிசோ சூப் வரைக்கும் மீன் சாறு கலந்த ஊரில் சைவக் குடும்பத்துக்குக் காலைச் சாப்பாடு வாங்குவது வீண். குக்கர் கொண்டு வரட்டுமா என்று அம்மா கேட்டார். அறையில் சமைக்கக் கூடாது. தவிர, நம்மூர்க் குக்கர் இங்கத்து 100 வோல்ட்டில் சூடாவதற்குள் சகுரா உதிர்ந்துவிடும். தெருமுனைக் கடையில் பாக்கெட் சோறு கிடைக்கும், அவர்களே மைக்ரோவேவில் சுட வைத்துத் தருவார்கள். புளிக்காத தயிர் அங்கேயே. நார்த்தங்காய் மட்டும் கும்பகோணத்திலிருந்து வருகிறது.

குளியலுக்கு அம்மா கவலைப்படவில்லை. தொட்டிக்குள் இறங்கும் முன் சின்ன முக்காலியில் உட்கார்ந்து, வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றித் தேய்த்துக் குளித்தாக வேண்டும் என்றேன். “அதானே குளியல், அதுக்கப்புறம் எதுக்குத் தொட்டி?” என்றார்.

கடைசியில் விடுதிக்கார அம்மாவே வழி சொன்னார். மாடிப்படிக்கு அந்தப் பக்கம் நாலரைப் பாயில் ஒரு சின்ன அறை, ஒரே ஆளுக்கு. அதே ஏழாயிரம், அதே 400 வரி. வேறு வழியில்லாமல் போட்டுவிட்டு, தயக்கத்தோடு அத்தைக்குப் போன் செய்தேன். எட்டுப் பேரோடு பிறந்து, கூட்டுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, இப்போது பேரப்பிள்ளைகளோடு ஒரே ஹாலில் படுக்கிறவர். தெரியாத ஊரில் தனி அறை என்றால் பயப்படுவாரே, மனசு சங்கடப்படுவாரே என்று சுற்றி வளைத்துச் சொன்னேன்.

“தனி ரூமா? எனக்கா?” என்றார் அத்தை. “உள்ளேருந்து தாழ்ப்பாள் போட்டுக்கலாமா?”

போட்டுக்கலாம் அத்தை.

“ரெண்டு நாளுமா?”

ரெண்டு நாளும்தான்.

“அப்ப அதையே வச்சுக்க. உங்கப்பன்கிட்ட ரூம் எங்கே இருக்குன்னு மட்டும் சொல்லிடாதே. அவன் குறட்டைக்கு உங்கம்மா நடுராத்திரி தலையணையத் தூக்கிட்டு வந்து கதவைத் தட்டும். ஒரு ஆளுக்குத்தான் இடம்னு அந்த ஜப்பான்காரம்மாவ எழுதிக் கொடுக்கச் சொல்லு.”