அத்திப்பட்டு மூக்கும் அயல்நாட்டு ஒயினும்

அத்திப்பட்டு என்றதும், "ஓ, அஜித் படத்துல காணாமப் போகுமே, அந்த ஊரா?" என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். 2001-ல் வந்த 'சிட்டிசன்' படத்தில் காணாமல் போனது அத்திப்பட்டி. இது அத்திப்பட்டு. கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி, எண்ணூரைத் தாண்டி, அத்திப்பட்டு புதுநகரில் அவசரப்பட்டுக் குதித்துவிடாமல் அடுத்த ஸ்டேஷனில் இறங்கினால், ஊர் பத்திரமாக அங்கேயேதான் இருக்கிறது.

ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் எந்த இடம் என்று மூக்கே சொல்லிவிடும். தண்டையார்பேட்டையில் எண்ணெய் வாடை. திருவொற்றியூரில் மணலிப் பக்கத்துக் காற்று. எண்ணூரில் கழிமுகச் சேறும் கருவாடும். அப்புறம் நிலக்கரி, சாம்பல். 1994-லிருந்து அனல் மின்சாரம், 2001-லிருந்து துறைமுகம் என்று வந்து சேர்ந்த வாசனைகள் இவை.

இந்தப் பக்கத்து ஜனங்களின் மூக்கு வெறும் மூக்கு இல்லை சார், அலாரம்! 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்தது. அதே மாதம் 26-ம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி ஓடவைத்தது நெடியும் மூச்சுத்திணறலும்தான். ஆக, இங்கே வாசனை பிடிப்பது பொழுதுபோக்கு அல்ல. உயிர்ப் பிரச்னை.

இப்படிப்பட்ட மூக்குகளிடம் போய் ஒயினுக்கு மார்க் போடச் சொன்னால் என்ன ஆகும்? (மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு. சரி, மேலே போகலாம்.)

என் அக்கா மகன் டொரண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் இருக்கிறான். சொந்தக்காரர்கள் யார் போனாலும் நயாகரா அருவியைக் காட்டிவிட்டு, திரும்பும் வழியில் திராட்சைத் தோட்டங்களுக்கும் கூட்டிப்போவது அங்கே வழக்கம். போன மாதம் வந்தவன் மூன்று பாட்டில் கொண்டுவந்தான். முழு பாட்டில் இரண்டு, அரை பாட்டில் ஒன்று. மொத்தம் 1875 மில்லி. கஸ்டம்ஸ் கணக்கு 2 லிட்டர். பயல் கணக்கில் கெட்டி! அத்திப்பட்டில் சித்தப்பா வீட்டு மொட்டைமாடியில் பெஞ்ச் கூடியது.

"மாமா, இது மூணும் ஹைபிரிட்" என்றான்.

"ஒட்டு மாங்காய் மாதிரியா?" என்றார் சித்தப்பா.

ஒட்டு வேறு, கலப்பு வேறு. 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பொடிப் பூச்சி பிரான்ஸ் திராட்சைத் தோட்டங்களின் வேரைத் தின்று தீர்த்தது. ஃபிலாக்ஸெரா என்று பெயர். அமெரிக்கக் காட்டுத் திராட்சைக்கு அந்தப் பூச்சி பழக்கம், தாங்கும். குளிரும் தாங்கும். ஆனால் பழம் ருசிக்காது. ஐரோப்பியத் திராட்சை ருசி, ஆனால் தொட்டால்சிணுங்கி. இரண்டுக்கும் கல்யாணம் செய்துவைத்தார்கள். ஃபிரான்ஸுவா பேகோ என்பவர் 1902-ல் செய்துவைத்த கல்யாணத்தில் பிறந்ததுதான் 'பேகோ நுவார்' என்ற கறுப்புத் திராட்சை. வெள்ளை ரகமான 'வீடால்' 1930-களில் வந்தது.

பிள்ளைகள் கெட்டிக்காரர்களாகத்தான் வளர்ந்தார்கள். ஊர் விடுமா? 'இன்னார் வம்சம்' என்று பெருமை பேசும் ஒயின் உலகம் இவர்களைத் திண்ணையோடு நிறுத்திவிட்டது. பிரான்ஸ் 1930-களில் சில கலப்பு ரகங்களை அடியோடு தடையே செய்தது. தடையான பட்டியலில் இஸபெல்லா என்று ஒன்று. நம் தள்ளுவண்டியில் விற்கிற கொட்டை உள்ள கறுப்புத் திராட்சை, பெங்களூர் ப்ளூ, இந்த இஸபெல்லாவின் நெருங்கிய சொந்தம். அங்கே தடை, இங்கே 2013-ல் புவிசார் குறியீடு!

ஜூஸ் கடையில் முகத்தில் வந்து மோதுமே ஒரு 'கிரேப்' வாசனை, அதற்கு ஒயின் பண்டிதர்கள் வைத்திருக்கும் பெயர் 'நரி வாடை'. பெரிய குறை என்பார்கள். நமக்கோ அந்த வாசனை இல்லாவிட்டால் திராட்சை என்றே தோன்றாது. யார் மூக்கு சரி?

கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வகுத்த 20 மார்க் திட்டம் ஒன்று இருக்கிறது. நிறம், தெளிவு, வாசனை, புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு என்று பிரித்துப் போடவேண்டும். நடுவர்கள்: ரயில்வேயில் ரிட்டயரான சித்தப்பா, காட்டுக்குப்பத்திலிருந்து இறாலும் நண்டும் கொண்டுவந்த மீன்கார அண்ணன், நான். சித்தி, "நான் மோந்து மட்டும் பாக்கறேன்" என்று தனி கண்டிஷனோடு வந்தார். எவர்சில்வர் டம்ளரை எடுத்த சித்தப்பாவைத் தடுத்து, கண்ணாடி டம்ளர் வரவழைக்கப்பட்டது.

முதலில் வீடால். லேசான இனிப்புள்ள வெள்ளை ஒயின். டம்ளரைச் சுழற்றுவதற்கு முன்பே அண்ணன் முகத்தைச் சுளித்தார்.

"இன்னா சார், தீப்பெட்டி வாடை அடிக்குது?"

அக்கா மகன் அசந்துபோனான். ஒயின் கெடாமலிருக்கத் துளி கந்தக டை ஆக்சைடு சேர்ப்பார்கள். அங்கே அதைக் கண்டுபிடிக்கக் காசு கட்டி கிளாஸ் போகிறார்களாம்.

"விம்கோ நகராண்ட பொறந்தவன்பா. தீக்குச்சி வாடை தெரியாதா?"

தீப்பெட்டி ஃபேக்டரியால் பேர் வாங்கிய பேட்டை ஆயிற்றே! கரி எரிந்தால் புகைபோக்கியில் வருவதும் அதே வாயுதான். நன்றாகச் சுழற்றியதும் வாடை பறந்து எலுமிச்சை, பச்சை மாங்காய் என்று வாசனை வந்தது. "எலுமிச்சை இல்ல, நார்த்தங்கா" என்று திருத்தினார் சித்தி. மறுபடி மோந்தோம். நார்த்தங்காய்தான்!

அடுத்து பேகோ நுவார். நாவல்பழக் கறுப்பு. பண்டிதர்கள் இதற்கு இரண்டு குறை சொல்வார்கள். புளிப்பு ஜாஸ்தி, துவர்ப்பு கம்மி. குளிர் நாட்டில் பழம் மெதுவாகப் பழுப்பதால் புளிப்பு தங்கிவிடுகிறது. வெயிலில் அது சீக்கிரம் கரைந்துவிடும். நம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வருஷம் பூராவும் அறுவடை ஆகிறது. நயாகராக் கொடியோ பாதி வருஷம் பனியில் தூங்குகிறது. (இங்கே 20 டிகிரிக்கு இறங்கினாலே சித்தப்பா குரங்கு குல்லாயைத் தேடுவார்.)

ஆனால் புளிப்பு குறை என்று மீன் குழம்பு வீட்டில் வந்து சொன்னால் எடுபடுமா? நண்டு மசாலாவோடு ஒரு வாய் குடித்த அண்ணன், "புளி கரைச்சு ஊத்துன மாதிரி கரெக்டா கீது" என்று 20-க்கு 16 போட்டார். சித்தப்பா 12. "துவர்ப்பு பத்தாது. வாழைப்பூவுல பாதிகூட இல்லை." அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி நாற்காலி போட்டவர்கள் நாம், அவர் சொன்னதும் நியாயம்தான். நான் 15. மாட்டிறைச்சியோடு பழகியவர்களின் அளவுகோலில் தோற்கிற ஒயின் நண்டோடு பாஸாகிறது. பேகோவுக்கும் அண்ணனுக்கும் அன்றைக்கு ஒத்துப்போன மாதிரி, அதற்கும் பிரெஞ்சுப் பண்டிதர்களுக்கும் ஒத்துப்போயிருக்காது என்பது என் அபிப்பிராயம்.

கடைசியில் அரை பாட்டில். வீடால் திராட்சையிலேயே செய்த ஐஸ் ஒயின். கொடியிலேயே பழத்தை விட்டுவைத்து, மைனஸ் 8 டிகிரிக்குக் கீழே போய்க் கல்லாக உறைந்த பிறகுதான் பறிப்பார்கள். பிழிந்தால் தண்ணீர் ஐஸாகச் சக்கையோடு நின்றுவிடும். பாகு மட்டும் சொட்டும். இந்தப் பக்கத்து உப்பளங்களில் வெயில் பார்த்த வேலையை அங்கே பனி பார்க்கிறது. லிட்டருக்கு 200 கிராம் சர்க்கரைகூட இருக்கும். திகட்டாமல் காப்பாற்றுவது அந்தப் புளிப்புதான். 1991-ல் இனிஸ்கிலின் கம்பெனியின் 1989-ம் வருஷத்து வீடால் ஐஸ் ஒயின், பிரான்ஸில் போர்டோ நகரத்துக்கே போய் வின்எக்ஸ்போ கண்காட்சியில் பெரிய பரிசை அடித்துக்கொண்டு வந்தது. திண்ணையில் உட்காரவைத்த பிள்ளை, கூடத்தில் வந்து மாலை வாங்கியது!

சித்தி டம்ளரை வாங்கி ரொம்ப நேரம் மோந்தார்.

"தேன்ல ஊறின பலாச்சுளை. அடியில கொஞ்சம் புளிச்ச மாம்பழம்."

அக்கா மகன் செல்போனில் அதை அப்படியே எழுதிக்கொண்டான். நயாகராக் கடையில் கொடுத்த காகிதத்தில் ஆப்ரிகாட், பீச் என்று போட்டிருந்ததாம். சித்தி அந்த இரண்டையும் பார்த்ததுகூட இல்லை.

மார்க் விஷயத்தில்தான் தகராறு. நான் 18. சித்தப்பா 17. அண்ணன் 10-க்கு மேல் தாண்டவே இல்லை. "வாசனை சூப்பர். ஆனா இறாலுக்கு ஆவாது, நண்டுக்கு ஆவாது. எதுக்குத்தான் ஆவும்?" கடைசியில் சித்தி கொண்டுவந்த உப்புச்சீடையோடு ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்துவிட்டு, 14 என்று திருத்தினார்.

அதற்குள் காற்று திரும்பிவிட்டது. "துணியை எடுங்க, சாம்பல் வருது" என்று சித்தி கொடிக்கு ஓடினார். அடுத்த நிமிஷம் எங்களுக்கும் அந்த வாடை தெரிந்தது. டம்ளர்களைக் கையால் மூடிக்கொண்டு கீழே இறங்கினோம். காலியான பேகோ பாட்டிலைச் சித்தி சுடுதண்ணீரில் கழுவிக் காயவைத்து, நல்லெண்ணெய் ஊற்றி அடுப்படியில் வைத்துவிட்டார்.