கையெழுத்தின் விலை

சங்க மலருக்கு ஏதேனும் எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது, பௌதிகம் பயிலும் நான் அணுவைப் பற்றியோ அண்டத்தைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். நான் எழுதப் போவதோ நீதிமன்றத்தைப் பற்றி. இதற்குப் பொறுப்பாளி, நம் விடுதியில் எல்லோரும் ‘அண்ணாச்சி’ என்று அழைக்கும் சட்டத்துறை மாணவர், நெல்லைக்காரர். சென்ற விடுமுறையில் ஊருக்குப் போக ரயிலில் இடம் கிடைக்காமல் நாங்கள் இருவரும் விடுதியிலேயே தங்கிவிட்டோம். “படிக்க ஏதாவது கொடுங்கள், அண்ணாச்சி” என்றேன். நாவல் ஒன்று கிடைக்கும் என்று நினைத்தேன். அவர் கொடுத்தது 110 பக்கத் தீர்ப்பு ஒன்று. “இதுவும் கதைதான் தம்பி, படித்துப் பார்” என்றார்.

படித்தேன். இரண்டு இரவு பிடித்தது. சட்டச் சொற்கள் முள்ளாய்க் குத்தின. ஆனாலும் கீழே வைக்க மனம் வரவில்லை.

அமெரிக்காவில் 2020 நவம்பரில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் டொனால்டு டிரம்ப் தோற்றார். தோல்வியை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தேர்தலில் மோசடி நடந்தது என்றார். அறுபதுக்கு மேற்பட்ட வழக்குகள் பல மாநிலங்களில் தொடுக்கப்பட்டன. ஏறக்குறைய அனைத்தும் தோற்றன. அவற்றுள் ஒன்று மிச்சிகன் மாநிலத்து வழக்கு. அங்கே வாக்கு வேறுபாடு 1,54,188. மாநிலம் முடிவை உறுதி செய்து இரண்டு நாள் கழித்து, நவம்பர் 25ஆம் நாள், சிட்னி பவல் என்னும் வழக்கறிஞரும் அவரைச் சேர்ந்தவர்களும் அந்த முடிவையே மாற்ற வேண்டும் என்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். டிசம்பர் 7ஆம் நாள் நீதிபதி லிண்டா பார்க்கர் அவர்கள் கேட்ட உத்தரவை மறுத்துவிட்டார்.

வழக்குத் தோற்பது உலகத்தில் புதிதா? ஒவ்வொரு வழக்கிலும் ஒரு பக்கம் தோற்கத்தான் செய்கிறது. கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. டிட்ராய்ட் நகராட்சி எழுந்து நின்று, “தோற்றவர்கள் வீட்டுக்குப் போகட்டும், ஆனால் இந்த வழக்கை எழுதிக் கையெழுத்திட்ட வக்கீல்களைத் தண்டிக்க வேண்டும்” என்று கேட்டது.

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் விதிகளில் பதினோராவது விதி என்று ஒன்று இருக்கிறது. அதன் சாரம் இதுதான்: வழக்கறிஞர் ஒருவர் மனுவில் கையெழுத்திட்டால், ‘இதில் சொல்லியிருப்பதை நான் நியாயமான அளவு விசாரித்தேன், இதற்கு ஆதாரம் உண்டு, அல்லது கிடைக்கும் என்று நம்ப இடமுண்டு, யாரையும் அலைக்கழிப்பதற்காக இதைப் போடவில்லை’ என்று அவரே நீதிமன்றத்துக்கு உறுதி கூறியதாகப் பொருள். பொய்த்தால் தண்டனை. அதிலும் ஓர் இரக்கம் இருக்கிறது. தண்டனை கோரும் எதிர்த்தரப்பு, கோரிக்கையை நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதற்கு 21 நாள் முன்பே வழக்கறிஞரிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த 21 நாளுக்குள் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் அந்த விதியின்படி தண்டிக்க முடியாது. டிட்ராய்ட் நகராட்சி அவ்வாறே கொடுத்தது. நாள்கள் கழிந்தன. மனு அங்கேயே கிடந்தது.

இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். மனுவோடு ‘நிபுணர்’ ஒருவரின் பிரமாண வாக்குமூலம் இணைக்கப்பட்டிருந்தது. வடக்கு மஸ்கீகன் என்னும் சிற்றூரில் வாக்களித்தோர் நூற்றுக்கு 781.91 பேர் என்று அதில் கண்டிருந்தது. அச்சுப் பிழையோ என்று மறுபடி பார்த்தேன். பிழையில்லை. டிட்ராய்ட் நகரில் 139.29 விழுக்காடாம். நூறு பேர் உள்ள ஊரில் 781 பேர் வாக்களித்தால் அது மோசடி அன்று, அற்புதம்! உண்மைக் கணக்கு என்ன? வடக்கு மஸ்கீகனில் 77.78, டிட்ராய்டில் 50.88. அரசாங்கத்தின் இணையதளத்தில் எவரும் பார்க்கக்கூடிய எண்கள் இவை. இதே நிபுணர் சில நாள் முன்பு ஜார்ஜியா மாநில வழக்கு ஒன்றுக்குக் கொடுத்த வாக்குமூலத்தில், மினசோட்டா மாநிலத்து ஊர்களை மிச்சிகன் ஊர்கள் என்று எழுதி, வாக்காளரைவிட வாக்குகள் மிகுதி என்று காட்டியிருந்தார். இரண்டும் ‘மி’யில் தொடங்குகின்றன என்பது உண்மைதான். மிளகும் மிளகாயும்கூட ‘மி’யில்தான் தொடங்குகின்றன.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவன் ஒருவன் ஒரு கருவியின் திறன் 139 விழுக்காடு என்று எழுதிக்கொண்டு வந்தால் பேராசிரியர் கோபிக்கமாட்டார். “போய் மறுபடி அளந்து வா” என்பார். எண் தவறாக வருவது குற்றம் அன்று. நூறைத் தாண்டிய எண்ணைக் கண்டும் புருவத்தை உயர்த்தாமல் கையெழுத்துப் போடுகிறானே, அதுதான் எனக்கு விளங்காத விஷயம். இத்தனைக்கும் அந்த மனுவில் பெயர் கொடுத்தவர்கள் பலர், படித்தவர்கள், ஆண்டுக்கணக்கில் தொழில் நடத்தியவர்கள்.

2021 ஜூலை 12ஆம் நாள் நீதிபதி அவர்களைக் காணொளி வழியே அழைத்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் விசாரித்தார். ஒரு சாட்சி, இளந்தம்பதியர் பெரிய பிளாஸ்டிக் பைகள் சிலவற்றை அஞ்சல் வண்டியில் சேர்த்ததைப் பார்த்ததாக வாக்குமூலம் கொடுத்திருந்தார். பைக்குள் என்ன இருந்தது? அவருக்குத் தெரியாது. அது வாக்குச் சீட்டாக இருக்கலாம் என்ற ஐயத்தை மனு ஆதாரமாக்கிவிட்டது. இன்னொருவர், வாக்குகளை ஊழியர்கள் மாற்றுகிறார்கள் என்று தாம் ‘நம்புவதாக’ச் சொல்லியிருந்தார். ‘மாற்றியதைக் கண்ணால் கண்டீரா என்று அந்தச் சாட்சியை உங்களில் யாராவது கேட்டீர்களா?’ என்ற பொருள்பட நீதிபதி வினவினார். கேட்டோம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. வேறொரு வழக்கறிஞரோ, தாக்கல் செய்யும் நாள் மாலைதான் தம்மை அழைத்தார்கள் என்றும், இணைப்புகளோடு 830 பக்கம் இருந்த மனுவை ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்ததாகவும், மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை என்றும் தெரிவித்திருந்தார். நான் 110 பக்கத்துக்கு இரண்டு இரவு எடுத்துக்கொண்டேன் என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

ஆகஸ்டு 25ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஒன்பது வழக்கறிஞர்களுக்குத் தண்டனை. எதிர்த்தரப்பின் வழக்குச் செலவை அவர்கள் கொடுக்க வேண்டும். அவர்களுடைய தொழில் உரிமத்தைப் பற்றி அந்தந்த மாநிலத்து ஒழுங்கு அமைப்புகள் ஆராய வேண்டும். இவற்றோடு ஒவ்வொருவரும் பன்னிரண்டு மணி நேரம் பாடம் கேட்க வேண்டும்: ஆறு மணி மனு எழுதும் முறை, ஆறு மணி தேர்தல் சட்டம். பணத் தண்டனையைவிட இந்தக் கடைசித் தண்டனை அவர்களை அதிகம் சுட்டிருக்கும் என்று நினைக்கிறேன். தலை நரைத்த பிறகு பெஞ்சியில் உட்கார்!

நான் மகிழ்ச்சியோடு அண்ணாச்சியிடம் போய், “நல்ல தீர்ப்பு” என்றேன். அவர் மகிழவில்லை.

“உனக்கு இது சுலபம் தம்பி. உன் ஆய்வுக்கூடத்தில் ஆதாரம் உன் மேசைமேல் இருக்கிறது. தேர்தலில் ஆதாரம் யாரிடம் இருக்கிறது? அதிகாரியின் இரும்புப் பெட்டியில். வழக்குப் போட்டால்தான் பெட்டி திறக்கும். போடுவதற்கு முன்பே முழு ஆதாரம் கொண்டுவா என்றால் ஏழை எங்கே போவான்? தோற்றால் வக்கீலுக்கே தண்டனை என்று வந்தால், எந்த வக்கீல் அவனுக்காகக் கையெழுத்துப் போடுவான்?”

என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அந்த ஏழை யார் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். தாத்தா காலமான பிறகு அம்மாயி எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். 2021 ஏப்ரல் 6ஆம் நாள் சட்டமன்றத் தேர்தல். வெள்ளைச் சேலை உடுத்தி, அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, வெயிலுக்கு முன் போய்விட வேண்டும் என்று என்னை எழுப்பி அழைத்துக்கொண்டு போனார். பட்டியலில் பெயர் இல்லை. பழைய தெருப் பட்டியலில் நீக்கிவிட்டார்கள். புதிய தெருப் பட்டியலில் சேர்க்கவில்லை. அம்மாயி ஒன்றும் பேசாமல் திரும்பி நடந்தார். வழியில், “நான் இருக்கிறேனா இல்லையா, கண்ணு?” என்று மட்டும் கேட்டார்.

எங்கள் தெரு முனையில் ஒரு வக்கீல் இருந்தார். கட்டணம் இல்லாமல் மனு எழுதித் தருவதாகச் சொன்னார். மாமாவோ கொதித்துக்கொண்டிருந்தார், “வேண்டுமென்றே எங்கள் ஆள்களின் பெயர்களையெல்லாம் அடித்துவிட்டார்கள் என்று எழுதுங்கள்” என்றார். வக்கீல் எழுதவில்லை. “எத்தனை பெயர்? யார் யார்? பட்டியலில் பார்த்தீர்களா?” என்று கேட்டார். மாமாவிடம் விடை இல்லை. அடுத்த மூன்று நாள் அவர் அம்மாயியைக் கேள்விகளால் துளைத்தார். எந்தப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டீர்கள், எந்த ஆண்டில், முகவரி மாற்ற விண்ணப்பம் யார் கொடுத்தார், ரசீது எங்கே? பழைய தெருவுக்குத் தாமே நடந்து போய் இரண்டு வீட்டாரை விசாரித்தார். ரசீது, அரிசிப் பானைக்கு அடியில் வைத்த காகிதக் கட்டில் அகப்பட்டது. அதன் பிறகுதான் பேனாவைத் திறந்தார். மனு ஒன்றரைப் பக்கம். மோசடி என்ற சொல் அதில் இல்லை. 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது அம்மாயி வாக்களித்தார்.

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். “அந்த வக்கீலுக்குப் பதினோராவது விதியைக் கண்டு பயம் இருந்திருக்குமா?” என்று கேட்டேன். “அவருக்கு இருக்காது. நல்ல நீதிபதி இருக்கும்வரை” என்றார். பிடிவாதக்காரர்.

ஆனால் அவர் பக்கமும் நியாயம் இருந்தது என்பதை, அந்த வழக்கின் பிற்பகுதியைப் படித்தபோது கண்டேன். 2023 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை அப்படியே ஏற்கவில்லை. வாக்கு இயந்திரங்களைப் பற்றிய பெரும் சதிக் கதை தண்டனைக்கு உரியதுதான் என்றது. ஆனால், வாக்கு எண்ணும் இடத்தில் கட்சிப் பார்வையாளர்களைச் சரியாக நடத்தவில்லை என்று தாமே கண்டதைச் சாட்சிகள் கூறிய பகுதிக்காகத் தண்டிப்பது சரியன்று என்றது. ஒன்பது பேரில் இருவரை விடுவித்தது, தொகையையும் குறைத்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதில் தலையிட மறுத்துவிட்டது. ஒரே மனுவில் உமியையும் அரிசியையும் பிரித்திருக்கிறார்கள். முதல் தீர்ப்பைவிட இந்த இரண்டாவது தீர்ப்பே எனக்கு இப்போது அதிகம் பிடிக்கிறது.

எல்லா இடத்திலும் அரிசி இருக்கவில்லை. கொலராடோவில் இரண்டு வழக்கறிஞர்கள், நாட்டின் 16 கோடி வாக்காளர்கள் சார்பிலும் 16,000 கோடி டாலர் இழப்பீடு கேட்டார்கள். அந்தப் பதினாறு கோடிப் பேரும் தங்களுக்காக வழக்கு நடப்பதை அறிந்திருப்பார்களா என்பது ஐயமே. ஏற்கெனவே தோற்ற வழக்குகளின் மனுக்களிலிருந்து எடுத்து எழுதியிருந்தார்கள். 2021 நவம்பரில் அவர்கள்மேல் விழுந்த தொகை ஏறக்குறைய 1,87,000 டாலர். நியூயார்க்கின் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானியின் நிலை இன்னும் வேடிக்கை. வெளியே மேடைதோறும் மோசடி, மோசடி என்றார். பென்சில்வேனியா நீதிமன்றத்தில் நீதிபதி நேருக்கு நேர் கேட்டபோது, இது மோசடி வழக்கு அன்று என்று ஒப்புக்கொண்டார். 2021 ஜூனில் நியூயார்க் நீதிமன்றம் அவர் உரிமத்தை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலையில் வழக்கறிஞர் பட்டியலிலிருந்தே பெயரை நீக்கியது.

நம் நாட்டில் எப்படி என்று கேட்டேன். அண்ணாச்சி சிரித்தார். “உன் ஊர்க்காரர் வழக்கிலிருந்துதான் நாங்கள் பாடமே தொடங்குகிறோம்” என்றார். உண்மைதான். நாமக்கல் தொகுதியில் வேட்பு மனு தள்ளுபடியானதை எதிர்த்துப் பொன்னுசாமி என்பவர் தொடுத்த வழக்கில்தான், 1952இல், தேர்தல் முடியும்வரை நீதிமன்றம் இடையில் புகாது, முடிந்தபின் தேர்தல் மனுவாகவே வர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த மனுவுக்கு 45 நாள் கெடு. 2,000 ரூபாய் முன்பணம். முறைகேடு நடந்ததாகக் குற்றம் சாட்டினால் அதற்கென்று தனியாக ஒரு பிரமாணப் பத்திரம். அந்தப் பத்திரத்தில் கையெழுத்திடுவது வழக்காடுபவர், வழக்கறிஞர் அல்லர். வழக்கறிஞரின் ஒழுக்கத்தை விசாரிப்பது, 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வழக்கறிஞர் மன்றத்தின் வேலை. பொய் மனு தள்ளுபடியானால் செலவுத் தொகை பெரும்பாலும் கட்சிக்காரன் தலையில்தான் விழுகிறது. எழுதிக் கொடுத்தவர் அடுத்த மனுவை எழுதப் போய்விடுகிறார். இதை நான் குறையாகவே கருதுகிறேன். அண்ணாச்சி பாதுகாப்பு என்கிறார். விடுமுறை முடிந்து சமையற்கூடம் திறந்த பிறகும் இந்த வாதம் முடியவில்லை.

வரும் ஆண்டு அவர் படிப்பை முடித்து மதுரையில் வழக்கறிஞராகப் பதிவு செய்யப் போகிறார். முதல் மனுவை எனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். விழுக்காடுகளை மட்டும் நான் சரிபார்த்துத் தர வேண்டுமாம்.