மஞ்சள் படர்ந்த கண்கள்

புற்றுநோய்களில் மிகக் கள்ளத்தனமானது சதையியில் தோன்றுவது. கணையம் என்றும் வழங்கும் அவ்வுறுப்பு, இரைப்பைக்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டி மறைந்து கிடக்கிறது. நோய் கண்டறியப்படும் வேளையில், ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கே அறுவைச் சிகிச்சை செய்யக்கூடிய நிலை இருக்கிறது. அதனாலன்றோ விஞ்ஞானிகள் இரத்தத்தில் அதன் தடயத்தைத் தேடுகிறார்கள்!

1979 இல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் ஹிலரி கொப்ரோவ்ஸ்கியும் அவர் குழுவினரும் பெருங்குடற் புற்றுநோயை ஆராயும்போது உருவாக்கிய பிறபொருளெதிரிகளின் துணையால், சி.ஏ. 19-9 என்னும் குறிகாட்டி அறியவந்தது. இரத்தப் புரதங்களின்மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலி அது. மில்லிலீற்றருக்கு 37 அலகு வரை இயல்பு என்பர். ஆயினும் பித்தக்கானில் கல் அடைத்தாலும் அது உயரும். நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கோ அதனை ஆக்கும் ஆற்றல் பிறப்பிலேயே இல்லை. எனவே நோயற்றோர் நடுவே நோயாளியைச் சலித்தெடுக்க அது போதாது. துரொம்போஸ்பொண்டின்-2 என்ற புரதத்தையும் சேர்த்து அளந்தால் துல்லியம் கூடும் என்று பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2017 இல் காட்டினர். இம்முயற்சிகள் வெல்லவேண்டும்.

ஆனால் கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டமொன்றில் வளர்ந்த எனக்கு, இவற்றைப் படிக்கும்போதெல்லாம் அத்தையின் கண்களே நினைவில் எழுகின்றன. விடியுமுன் பால்வெட்டப் போகும் அவரது கண்கள் 1998 இல் ஒருநாள் மஞ்சளித்தன. வலியில்லை, காய்ச்சலில்லை. “மஞ்சக்காமாலதானே, பத்தியம் இருந்தாப் போயிரும்” என்றார். கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்தார். சிறுநீர் கறுத்தது, மலம் வெளுத்தது, உடலெல்லாம் அரித்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் கிடைத்தவை சில குளிசைகள். நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் செக்றோலில் அன்றைக்குப் பேர் இராது. வாரங்கள் கழிந்து ஸ்கான் எடுத்தபோது நோய் ஈரலுக்குப் பரவியிருந்தது.

வலியின்றி வரும் மஞ்சள், அரிப்பு, வெளுத்த மலம், மெலிவு ஆகியவை சதையியின் தலைப்பகுதியில் எழும் கட்டி பித்தக்கானை நெரிக்கும்போது தோன்றும் அடையாளங்கள். காமாலையெல்லாம் புற்றன்று, பெரும்பாலும் வேறு காரணமே இருக்கும். ஆனால் முதியவரிடம் இவ்வடையாளங்கள் கூடினால் ஒருநாளும் தாமதிக்கலாகாது; சிலருக்கு அறுவைக்கு இன்னும் இடமிருக்கும். இதைக் காண ஆய்வுகூடம் வேண்டியதில்லை. பகல் வெளிச்சமும், பொருள் தெரிந்த ஒரு மனிதரும் போதும்.

இலவச வைத்தியம் இந்நாட்டின் பெருமை. ஏழையின் உரிமையும் அதுவே. எனினும் அந்த இலவசக் கதவு வரை சென்றுவரும் நாளுக்குக் கூலி தருபவர் யார்? மாவட்ட ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்பும் ஏற்பாடும், நோயைத் தமிழில் விளக்கும் உத்தியோகத்தரும், நோய் பார்க்கும் நாளுக்கு முழுப்பேரும் தோட்டங்களுக்கு வேண்டும். இவை இல்லாதவரை, நாளைய இரத்தப் பரிசோதனை எத்துணை நுட்பமாயினும், பால்வெட்டும் பெண்ணின் இரத்தம் அதற்குக் காலந்தாழ்த்தியே போய்ச் சேரும்.